கார்குழலி வாங்கிய மடக்குக் கத்தி

கார்குழலியின் மடக்குக் கத்தியால் எதை அறுத்தாலும், அறுபட்ட பொருளுக்கு அது தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். சொல்லும் வரை அது முழுசாகவே இருக்கும். இப்படி ஒரு கத்தி உண்டா என்று கேட்கிறவர்களுக்குக் காசிமேட்டில் சொல்லும் பதில், ராயபுரத்தில் செல்லக்கனி கடையில் இருந்தது, கார்குழலி வாங்கிவிட்டாள் என்பதுதான்.

கார்குழலி வலை பழுது பார்க்கிறவள். கிழிந்த கண்ணிகளை அறுத்தெடுத்துப் புதுநூல் கோப்பதற்குக் காலமெல்லாம் மஞ்சள் பிடி போட்ட மலிவுக் கத்தியைத்தான் வைத்திருந்தாள். அது நைலானை அறுக்காது, கடிக்கும். மதியத்துக்குள் மழுங்கிவிடும். எந்த நேரத்தில் மடங்கி விரலைக் கவ்வும் என்று அதற்கே தெரியாது. அந்த வருடம்தான் அவளும் அவள் புருஷன் துரையும் புளியந்தோப்பு வீட்டை விற்று, சொந்தமாக ஒரு விசைப்படகு வாங்கியிருந்தார்கள். படகு போனால் திரும்பிப் போக வீடு இல்லை. சொந்தப் படகுக்காரி இன்னமுமா மஞ்சள் பிடியோடு உட்கார்ந்திருப்பது என்று தோன்றியதால் கடைக்குப் போனாள்.

செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மஞ்சள் பிடி ஒன்று, மரப்பிடி ஒன்று என்று இரண்டு கத்தியை எடுத்து முன்னால் வைத்தாள். "இது மலிவுதான் அக்கா, தொலைஞ்சாலும் கவல இல்ல. இது சாத்தாங்காட்டுப் பட்டறையில லாரி வில்லுப்பட்டைய அடிச்சுச் செஞ்சது. எண்ணெ தடவலன்னா துருப்பிடிச்சிரும், பாத்துக்கிடுங்க. ஆனா விரிச்சு இந்தப் பித்தள வளையத்தத் திருப்பிட்டியன்னா, நீங்களா மடக்குற வரைக்கும் மடங்காது." கார்குழலி மரப்பிடியைக் கைக்குள் வைத்துப் பார்த்தாள். விரித்தாள், வளையத்தைத் திருப்பினாள், மடக்கினாள், மறுபடியும் விரித்தாள். அதன் விலைக்கு மஞ்சள் பிடியில் ஒரு கூடை வாங்கலாம். இது ஒன்றையே வாங்கினாள். துரைக்கு மனசு ஆறவில்லை. "இன்னாமே, கத்தி வாங்கினியா, கொழந்த பெத்தியா? தொடைக்கிறே, எண்ணெ தடவுறே. என் தலைக்கு என்னிக்காவது தடவிக்கீறியா?" என்றான். "உன் தல இன்னாத்த அறுத்துது, தடவுறதுக்கு?" என்றாள் கார்குழலி.

முதலில் எலுமிச்சம்பழத்தில்தான் தெரிந்தது. அறுத்தாள், பழம் உருண்டையாகவே இருந்தது. "ஐய, அறுத்தேனே உன்ன" என்று அவள் அலுத்துக்கொண்டதும் இரண்டாகப் பிரிந்தது. வலையிலும் அதே கதை. ஒவ்வொரு கண்ணியாகக் குனிந்து சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது. துரை கட்டைவிரலை அறுத்துக்கொண்டபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. மருந்து வைத்துக் கட்டி முடித்த பிறகுதான் விரலுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பேஜாரு பிடித்த கத்தி என்றார்கள். இவளும் திருப்பிக் கொடுக்கப் போனாள். செல்லக்கனி கேட்டாள்: "மலிவுக் கத்தி பிச்சு எடுக்கும், வலியில பொருளுக்குத் தெரிஞ்சிரும். இது வலிக்காம அறுக்கு. அது குத்தமாக்கா?" கார்குழலி கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, கரையோரம் நெருக்கமாக நிற்கும். அப்படி நின்றிருந்த ஒரு நண்பகலில், வெல்டிங் பொறி பறந்து தவசிமுத்துவின் படகு பற்றிக்கொண்டது. அடுத்த படகு கார்குழலியுடையது. பக்கவாட்டுப் பெயின்ட் அப்போதே கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. ஆண்கள் மஞ்சள் பிடிகளோடு பாய்ந்தார்கள். ஒருவனுக்குப் பிடி உடைந்தது, இன்னொருவனுக்குக் கத்தி மடங்கி விரல் போனது, கயிறுகள் பாதி நைந்து தொங்கின. "நிறுத்துங்கடா" என்று தவசிமுத்து கத்தினார். "ஒண்ணு மட்டும் அவுந்துச்சினா காத்து மொத்த வரிசையையும் திருப்பி நெருப்பு மேல தள்ளிடும். அவுந்தா எல்லாம் ஒரே நேரத்துல அவுரணும்." அது எப்படி முடியும் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கார்குழலி புடவையைத் தூக்கிச் செருகினாள். கழி வைத்திருக்கிறவனெல்லாம் ஆளுக்கொரு படகில் ஏறி நில்லுங்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். பிறகு படகுக்குப் படகு தாவினாள். தாம்புக்கயிறு, நைலான் கயிறு, நனைந்தது, காய்ந்தது எல்லாமே அந்தக் கத்திக்கு ஒன்றுதான். ஒரு கயிறும் விழவில்லை. கடல் பக்கத்துக் காசிமேடு அதற்கு முன்பு ஒருநாளும் வாயை மூடியதில்லை. அன்று மூடியது. ஏலம் போடுகிறவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மீன்காரிகள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். நெருப்பு வெடிக்கும் சத்தமும், கோடியில் ஐஸ் உடைக்கிற மிஷினின் இரைச்சலும் மட்டும் கேட்டன. துரைக்குத்தான் பொறுக்கவில்லை. தங்கள் படகின் கயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு, "யம்மா, மெய்யாலுமே அறு..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற மீன்காரி குணசுந்தரி, கூடையிலிருந்த கானாங்கெளுத்தி ஒன்றை அவன் வாயில் செருகினாள். மீதி வார்த்தை மீனுக்குள் போயிற்று.

கடைசிக் கயிறும் முடிந்ததும் கார்குழலி கரையில் ஏறி நின்றாள். புகையில் குரல் வராது என்று பயந்தாள். வந்தது. "டேய் கயிறுங்களா! நீங்கல்லாம் அறுந்து ரொம்ப நேரமாச்சிடா!" கயிறுகள் அத்தனையும் ஒரே சத்தத்தில் தண்ணீரில் விழுந்தன. கழிகள் ஊன்றின. வரிசை இரண்டு பக்கமும் விலக, தவசிமுத்துவின் படகு மட்டும் நடுவில் தனியாக நின்றது. அதைக் கொக்கி போட்டு வெளியே இழுத்துப்போய்த் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். மேலறை கருகியது, அடிப்பாகம் பிழைத்தது. வேறெந்தப் படகுக்கும் சேதமில்லை. கார்குழலியை மீன்காரிகள் ஐஸ் பெட்டி மேல் ஏற்றி உட்காரவைத்து, பறை அடித்து, பட்டாசு கொளுத்திக் கல்மண்டபம் வரை கொண்டுபோனார்கள். கத்தியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலையை அன்றிலிருந்து துரை எடுத்துக்கொண்டான். செல்லக்கனி இன்றைக்கும் இரண்டு கத்தியையும் முன்னால் வைத்துத்தான் விற்கிறாள். அறுத்ததைச் சொல்லிப் புரியவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் மஞ்சள் பிடியே வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை.

எல்லாக் கயிறும் விழுந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தார்கள், ஒன்று மட்டும் விழவில்லை. வரிசையின் கடைசிப் படகு வல்லரசுவுடையது. அது அந்த ஐஸ் மிஷின் பக்கத்தில் நின்றது. அந்த இரைச்சலில் அதன் கயிற்றுக்குக் கார்குழலி கத்தியது காதில் விழவில்லை. மற்றவர்கள் புதுக்கயிறு போட்டபோது, "நல்லாத்தான கீது" என்று வல்லரசு மாற்றாமல் விட்டுவிட்டான். மார்கழிப் புயலில் புதுக்கயிறுகள் எல்லாம் தெறித்து, படகுகள் பாறையில் மோதின. வல்லரசுவின் படகு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஏற்கனவே அறுந்த கயிறு இன்னொரு முறை எப்படி அறும்? இப்போது புயல் எச்சரிக்கை வந்தால், எல்லாரும் கார்குழலியைக் கூப்பிட்டுக் கயிறுகளை அறுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கெல்லாம் கரையில் மீன் விலையை மட்டும் பேசுகிறார்கள்.