ஏழு மணி ஜெபம்

மகனை அடக்கம் செய்த நான்காம் நாள், சரியாக ஏழு மணிக்கு, என் வீட்டுக்காரர் கூடத்து விளக்கைப் போட்டு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளும் சபைக்காரர்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். இன்று நாங்கள் இருவர்தான். இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் ஒரு நாள் தவறவிட்டதில்லை. காய்ச்சலோ, எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளோ, ஏழு அடித்தால் முழங்கால். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தினமும் முடுக்கிப் பார்க்காத போல்ட் தானாகக் கழன்றுவிடும், ஜெபமும் அப்படித்தான் என்பார். மகனையும் அதே வேலையில்தான் சேர்த்துவிட்டார். ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்தான். எந்த போல்ட் கழன்றது என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"வாம்மா," என்றார்.

"நான் வரல. இத்தன வருஷம் கேட்டதெல்லாம் போதும். நீங்களே கேளுங்க."

"கேக்குறதுக்கு இல்ல. இன்னைக்கு விட்டா நாளைக்கு எனக்கு வராது. அப்புறம் எதப் புடிச்சுக்கிட்டு இருப்பேன்?"

நாலே நாளில் ஆள் பாதியாகியிருந்தார். மனசு கேட்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன். அவருக்காகத்தான், ஆண்டவருக்காக அல்ல.

அவர் ஜெபத்துக்கு ஒரே வரிசைதான். முதலில் ஸ்தோத்திரம், பிறகு நோயாளிகள், சொந்தபந்தம், கடைசியில் நாங்கள். குரல் தடுமாறாமல் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மகன் எட்டு மணிக்குத்தான் வேலை முடிந்து வருவான் என்பதால், தினமும் ஒரு வாக்கியத்தோடு முடிப்பார். இன்றும் அது தானாக வந்துவிட்டது.

"வேலைக்குப் போயிருக்கிற எங்க பிள்ளையப் பத்திரமா வீடு கொண்டுவந்து சேரும், ஆண்டவரே."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.

எங்கள் வீட்டில் ஆமென் சொல்லி முடிப்பது நான்தான். அதற்கு முன் யாரும் எழுந்ததில்லை. பாவி நான், இதற்கு எப்படி ஆமென் சொல்வேன்? சொல்லாமல் இந்த மனிதரை எப்படி விடுவேன்? கண்ணைத் திறந்தேன். அவர் இமைகளை இறுக்கி மூடியபடி காத்திருந்தார். ஒரு கை மட்டும் தரையைத் தடவித் தடவி என் பக்கம் வந்துகொண்டிருந்தது.