பர்மா தவிர வேறு நாடு ஏற்கப்படாது

என் வீட்டுக்காரர் கோதண்டம் என்னைக் கட்டிக்கொண்டதே ஸ்டாம்புக்காகத்தான். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னாலும் சிரிப்பாரே ஒழிய மறுக்க மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று, பர்மாவிலிருந்து என் அம்மா போட்ட கடிதம் ஜன்னலில் செருகியிருந்தது. மனுஷன் என்னை ஒரு தடவைதான் பார்த்தார். அந்தக் கவரை நாலு தடவை பார்த்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் அப்பாவுவின் சைக்கிள் கடையில், ஞாயிறுதோறும் பர்மா தபால்தலைச் சங்கம் கூடும். சங்கம் என்றால் மூன்றே பேர். தலைவர், டிராயிங் மாஸ்டர் பாண்டுரங்கன். செயலாளர், ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் எங்கள் வீட்டுக்காரர். மிச்சம் அப்பாவு. மூவரின் அப்பாக்களும் ஒரு காலத்தில் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்கள். அவர்கள் போட்ட கடிதங்களிலிருந்து பிறந்ததுதான் சங்கம். விதியை அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள்: 'பர்மா தவிர வேறு நாடு ஏற்கப்படாது.' ஒருமுறை யாரோ ஒருவர் பளபளவென்று பறவை போட்ட ஹங்கேரி ஸ்டாம்பை இனாமாகக் கொடுக்க வந்தார். "அய்ய, இத்த எட்த்துகினு போ சார்" என்று அப்பாவு விரட்டிவிட்டார். பைத்தியக்காரக் கும்பல் என்று நான் வாய்விட்டே சொல்வேன்.

நானும் என்னைப் பெற்ற அப்பாவும் அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தோம். தம்பி கோபாலுக்குக் காகிதங்கள் சரியாகவில்லை என்று அம்மா செல்லம்மாள் அவனோடு அங்கேயே தங்கிவிட்டாள். வந்த வருஷமே அப்பா போய்ச் சேர்ந்தார். எனக்கென்று மிஞ்சியது அம்மாவின் கடிதங்கள்தான்.

அறுபத்தாறு ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. வந்த கையோடு இவர் வழக்கம்போலக் கவரின் மூலையைக் கத்தரியால் வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். ஊறினால் ஸ்டாம்பு காகிதத்தைவிட்டுத் தானாகப் பிரிந்துவிடும். மீதிக் கவரை அடுப்பில் வைத்தது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் கடிதத்தை நிதானமாகப் படித்தேன்.

அம்மா சொல்லச் சொல்லக் கோபால் எழுதியிருந்தான். 'பழைய ஊரை விட்டு வந்துவிட்டோம். தம்பிக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் உட்காருவதா என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. நீ வரச் சொன்னால் வருகிறோம். தை முடிவதற்குள் பதில் வராவிட்டால், உனக்குத் தோதுப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறோம். புது விலாசம் கவரின் பின்பக்கம்.'

ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க நீலமாக இருந்தது.

"அடப் படுபாவி! எங்கம்மா விலாசத்தைக் கரைச்சுட்டியேடா!"

கட்டின புருஷனை அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். விடிந்ததும் அவர் மில்லுக்குப் போகாமல், அந்த ஸ்டாம்பை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார். மூன்று பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பதற்காக நானும் கூடவே போனேன்.

சைக்கிள் கடையில் பாண்டுரங்கன் ஸ்டாம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பேனா மைதாம்மா தண்ணியில போவும். தபாலாபீஸ் முத்திரை மை அசையாது. பாரு."

ஸ்டாம்பின் மேல் பாதி வட்டம் இருந்தது. அதில் இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து, பி, ஒய். மீதி எழுத்துகள் கவரோடு என் அடுப்பில் வெந்துபோயிருந்தன. மாஸ்டர் ஒரு நீள நோட்டை எடுத்தார். இருபது வருஷமாக முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதி வைத்த பர்மா தபாலாபீஸ்களின் பட்டியல். அந்த எழுத்துகளில் தொடங்கும் ஊர் நாலு இருந்தது. பியாபொன், பியூ, பியின்மனா, பியாப்வே. திட்ட வந்ததை மறந்து, நானும் நோட்டின் மேல் குனிந்தேன்.

"நாலு ஊருதான கீது அண்ணி? நாலுக்கும் போட்டுடலாம்" என்றார் அப்பாவு.

நாலு போஸ்ட் மாஸ்டர்களுக்கும் பாண்டுரங்கன் இங்கிலீஷில் எழுத, கீழே நான் பர்மிய எழுத்தில் எழுதினேன். 'கோபால் என்ற தமிழரும் தாயார் செல்லம்மாளும் உங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கலாம். தேடி, உள்ளே இருக்கும் கடிதத்தைக் கொடுத்தால் புண்ணியம்.' நான் போட்ட வட்ட வட்ட எழுத்தை மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அம்மாவுக்கு நான் எழுதியது ஒரே வரி: 'உடனே புறப்பட்டு வா.' அதன் கீழே இவர் தன் கையால் எழுதினார்: 'அத்தை, தப்பு என்னுடையது. நீங்கள் வந்தே ஆக வேண்டும்.'

வீட்டுக்கு வந்ததும் கத்தரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தியில் முடிந்துகொண்டேன்.

மார்கழியில் இரண்டு கடிதங்கள், ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. இரண்டிலும் முழு வட்டமாகப் பர்மா முத்திரைகள். வேறு சமயமாக இருந்தால் மூன்று பேரும் தெருவில் இறங்கி ஆடியிருப்பார்கள். அப்பாவு அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு ஊரு கீது அண்ணி. அய்வாத" என்றார். சொன்னவரின் கண்ணே கலங்கியிருந்தது. மீதி இரண்டு ஊருக்கும் அன்றே மறுபடி ஒரு கடிதம் எழுதிப் போட்டார்கள்.

தை இருபத்து மூன்றாம் தேதி. இவர் சைக்கிளை வாசலில் அப்படியே சாய்த்துவிட்டு, ஒரு கவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"நான் தொடல கனகம். இன்னா எழுதிக்கீறாங்களோ, நீயே பிரி."

முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். கோபாலின் கோணல் கையெழுத்தில் விலாசம். ஊர், பியாபொன். நான் உரக்கப் படிக்க, இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். உள்ளே கோபால் எழுதியிருந்தான்: 'போஸ்ட் மாஸ்டரே நேரில் வந்து, செல்லம்மாள் யார் என்று கேட்டார். மாப்பிள்ளை எழுதிய வரியை அம்மா பத்துத் தடவை படிக்கச் சொன்னாள். சித்திரையில் கப்பல்.' அந்த மூன்று பைத்தியங்களுக்கும் கோடி நமஸ்காரம் என்று அழுதுகொண்டே சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

மதராஸ் துறைமுகத்துக்குச் சங்கம் முழுவதும் சலவைச் சட்டையில் வந்திருந்தது. அம்மா கூட்டத்தில் தட்டுத் தடுமாறி வந்தாள். மூக்கும் காதும் மூளியாக இருந்தன. நகை எதையும் பர்மா சர்க்கார் கொண்டுவர விடவில்லையாம். மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து இவரிடம் நீட்டினாள்.

"மாப்பிள்ளை ஸ்டாம்பு சேக்கறார்னு கனகம் எழுதியிருந்தா. என்கிட்ட இருந்தது இதுதான்."

உள்ளே முப்பத்திரண்டு ஸ்டாம்பு. எல்லாம் நான் அவளுக்குப் போட்ட கடிதங்களில் இருந்தவை. எல்லாம் இந்தியா. அத்தனையும் ஒரே மாதிரி, நம் தபாலாபீஸில் கேட்டால் அடுக்கடுக்காகக் கிழித்துக் கொடுப்பவை. பாக்குவெட்டியால் மூலையை வெட்டி, ஒன்றைக்கூட நனைக்காமல் வைத்திருந்தாள்.

அப்பாவுவைப் பார்த்தேன். அப்பாவு மாஸ்டரைப் பார்த்தார்.

இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "அத்த, எங்க சங்கத்துல இதுல ஒண்ணுகூட இல்ல" என்றார். சத்தியமான வார்த்தை. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பாண்டுரங்கன் ஆல்பத்தில் பியாபொன் பக்கத்துக்கு எதிரே ஒரு புதுத் தாளைச் சேர்த்தார். முப்பத்திரண்டையும் வெட்டின காகிதத்தோடு அப்படியே வரிசையாக ஒட்டினார்கள். சுவரிலிருந்த அட்டையை அப்பாவு கழற்றி, சைக்கிள் பம்புக்குப் பின்னால் போட்டார்.

கத்தரி மட்டும் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதை நான் கொடுப்பதாக இல்லை.