இரண்டு முறை விருந்து கண்ட கூரை

எழுபத்தொன்பது வயதில் எனக்குக் காதும் முழங்காலும் மந்தம். வாய் மட்டும் புதுசு போல வேலை செய்கிறது. அது ஓய்வதற்குள் போடிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தோட்டத்து நாற்காலியில் நான் நிம்மதியாகச் சாய்ந்திருப்பது அவள் தயவு.

1984 மே மாதம். வட டென்மார்க்கில் எங்கள் சிற்றூர்ப் பள்ளிக்கு விளையாட்டரங்கம் கட்டினோம். கூரையை வடிவமைத்த இஞ்சினியர் நான், டோர்கில். வரைபடம் முடிந்த அன்று கர்வத்தில் என் தலை வீங்கியது. மூன்று வாரம் எந்தத் தொப்பியும் ஏறவில்லை.

உத்திரங்கள் ஏறியதும் முகட்டில் இலை வளையம் கட்டி, தச்சர்களுக்கு சாஸேஜும் பியரும் தருவது எங்கள் வழக்கம். தராவிட்டால் அந்த முகட்டில் வைக்கோல் பொம்மையைத் தொங்கவிட்டு, கட்டுகிறவர் கஞ்சன் என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். என் கணக்கைப் பார்க்க வேண்டியவள் உடன் வேலை செய்த இஞ்சினியர் போடில். ஆனால் பித்தளை வாத்தியக் குழு அந்த வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றது. அதனால் விருந்து வெள்ளி, சரிபார்ப்பு அடுத்த வாரம் என்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் சாஸேஜ் காத்திருக்காது, கணக்கு காத்திருக்கும்.

போடில் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல், வாத்தியம் முழங்கும்போது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்து என்னை ஓரமாக இழுத்தாள்.

"டோர்கில், கூரை மேல விழுற பனியோட கனத்த எப்படிக் கணக்குப் போட்ட?"

"கூரை முழுக்க ஒரே கனமா."

"பக்கத்துல பள்ளிக்கூடச் சுவரு ரெண்டு மாடி உசரத்துக்கு நிக்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா? காத்து பனிய அள்ளிட்டு வந்து அந்த ஓரமாத்தானே குவிக்கும்?"

அவள் போட்ட கணக்கை மூன்று தாளில் நீட்டினாள்; ஏழு முறை புரட்டினேன். அதில் தப்பில்லை. தப்பு என்னுடையது.

"இது மே மாசம் போடில். பனி விழுறதுக்குள்ள சத்தமில்லாம நாலு உத்திரம் சேத்துடலாம். இன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போகட்டுமே."

"திங்கக்கிழமை ஓடு வேய ஆள் வர்றான். மூடினப்புறம் உனக்கு வாய் தொறக்குமா?"

"அப்போ நீயே சொல்லிடு."

"வரைபடத்துல யார் பேரு இருக்கு? நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"வேலை போயிடும்டி!"

"போகட்டும். புள்ளைங்க ஆடுறப்ப கூரை இறங்கினா என்னடா போகும்?"

அதற்குள் வாத்தியம் ஓய்ந்து, மேயர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்துவிடும். நான் பியர் பெட்டி மேல் ஏறி, அவர் பேச்சை வெட்டினேன்.

"மன்னிக்கணும். கூரை இன்னிக்கு விழாது, தைரியமாச் சாப்பிடுங்க. ஆனா கனமான பனி வந்தா சுவரோர உத்திரம் தாங்காது. கணக்குல தப்பு பண்ணினவன் நான். திங்கக்கிழமை ஓடு போடக் கூடாது."

சாஸேஜ் ஆறும் ஓசைகூடக் கேட்டது. போடில் சொன்னபடியே என் பக்கத்தில் நின்றாள். அவள் முழங்கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தலைமைத் தச்சர் ஸ்வென் ஏணியில் ஏறினார். முகட்டிலிருந்து வளையத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்.

"நாப்பது வருசமா இத ஏத்தியிருக்கேன் தம்பி, எறக்கினது இன்னிக்குத்தான். அடுத்த விருந்து எப்போ?"

"இன்னொண்ணா?"

"உத்திரம் புதுசுன்னா விருந்தும் புதுசுதானே?"

பின்னாலிருந்து ஒரு தச்சர் கத்தினார்: "இஞ்சினியரய்யா, இன்னும் ரெண்டு தப்பு பண்ணுங்க! கோடை பூரா பியருக்குக் கவலையில்ல!"

எல்லாரும் சிரித்தார்கள், மேயரைத் தவிர. திங்கட்கிழமை என் பேனா, பென்சிலையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் முதலாளி முன் நின்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார். "அத எடுத்து வச்சுட்டு வேலையப் பாரு. இனிமே சரிபார்த்தப்புறம்தான் விருந்துக்கே நாள் குறிக்கணும். முன்னாடியே நாள் குறிக்கச் சம்மதிச்ச என்னையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். ஜூனில் ஆறு உத்திரங்கள் புதிதாக ஏறின. இரண்டாம் விருந்தில் முதல் விருந்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பக்கத்து ஊர் நாய்கள்கூட வந்திருந்தன.

மூன்றாம் குளிர்காலத்தில் அந்தப் பனி வந்தது. கூரை மேல் சுவரோரமாகக் குவிந்து பள்ளியின் மாடி ஜன்னலை எட்டியது. ஒரு முயல் அதன் மேல் ஏறிப்போய் கணக்கு வகுப்பை எட்டிப் பார்த்ததாகச் சத்தியம் செய்வேன். நான் மூச்சிரைக்க அரங்கத்துக்கு ஓடினேன். போடில் எனக்கு முன்பே வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கீழே பள்ளிச் சிறுமிகள், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரோர உத்திரம் ஒருமுறை முனகியது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"தாங்குமா?"

"தாங்கும். ரெண்டு பேரும் போட்ட கணக்கு."

முனகல் நின்றது. சிறுமிகளில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவள் எதிரே போய் நின்றேன்.

"போடில், அன்னிக்கு மட்டும் நீ வரலைன்னா…"

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லு. அந்தப் பொண்ணு பெனால்டி போடப் போறா, மறைக்காம உக்காருடா."