வயிறு நிறையத் தண்ணீர்

அக்கா கடைசியாக வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அந்த விடியற்காலையில்தான். கிணற்றடியில் சிரட்டையைச் சாய்த்து மடமடவென்று குடித்தாள்.

"போதும்க்கா, பொழுதன்னிக்கும் அடக்கணும்" என்றேன்.

"ராத்திரி கருவாட்டுக் கொழம்புடி, தொண்ட காயுது" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் வேலாயுதம் பிள்ளையின் பாக்குக் கிடங்கில் எங்களுக்கு வேலை. இருட்டு பிரியுமுன் தொட்டிகளைத் திறப்போம். ஊறிக் கிடந்த பாக்கின் அழுகல் வாடை முகத்தில் அறையும். முழங்கை வரை கையை விட்டு அள்ளி, கத்தியால் தோலை உரித்து, கொட்டையைக் கூடையில் எறிய வேண்டும். நகக்கண்ணெல்லாம் கறுத்துப் புண்ணாகிவிடும். ரப்பர் விலை விழுந்து தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் நாங்கள். இந்த வேலையாவது கிடைத்ததே என்று வந்தோம். அதே ரப்பர் விலையைக் காட்டி இங்கேயும் கூலியைக் குறைத்தார்கள்.

கிடங்கின் பின்புறம் ஒரு கக்கூஸ் இருந்தது. முதலாளிக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் மட்டும் என்று கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. நாளெல்லாம் தண்ணீருக்குள் கையை வைத்திருந்த நாங்கள் தண்ணீரை வாயில் வைக்கப் பயந்தோம். தாங்காதபோது வெளியே ரோட்டோரச் சாக்கடைக்குப் போவோம். போனால் மூன்று பேராகத்தான் போவோம். ஒருத்தி உட்கார, மற்ற இருவரும் பச்சைக் கட்டம் போட்ட ஒரு கைலியை மறைப்பாகப் பிடித்துக்கொள்வோம். கைலி ரோஷன் பீவியுடையது, அவள் புருஷன் கட்டியது. அவன் இறந்த பிறகு அது தொட்டியடி ஆணியில் எல்லாருக்குமாகத் தொங்கியது.

"சீக்கிரம் எந்திரி தைலம்மா, கை கடுக்குது. அங்க குந்திக்கிட்டுப் பாட்டா கட்டுற?" என்பாள் பீவி. அக்காவுக்குச் சிரிப்பில் பாதி நேரம் போகும்.

அக்கா வயிறு நிறையக் குடித்த அன்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து தொட்டியடியில் நின்றார்.

"இனிமே ஒருத்தி ஒருத்தியாத்தான் போகணும். ஒருத்திக்கு வந்தா மூணு பேரு வேல நிக்குது. மொதலாளி உத்தரவு."

"கைலிய யாரு புடிப்பா? நீங்களா?" என்றாள் பீவி. எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியதும் அக்காவால் தாங்க முடியவில்லை. தனியாகப் போனாள். ரோட்டில் சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது, ஒரு மாத்தா-மாத்தா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எங்கள் ஊரில் போலீஸ்காரனை அப்படித்தான் சொல்வார்கள். சேலையைச் சரிசெய்யக்கூட அவன் அவளை விடவில்லை. அதே சாக்கடையோரம் ஆண்கள் நின்றால் பிரம்பால் தட்டி விரட்டுவதோடு சரி.

கோர்ட்டில், பொது இடத்தில் அசுத்தம் செய்ததாகவும் அநாகரிகமாக நடந்துகொண்டதாகவும் துவிபாஷி தமிழில் வாசித்தார். பெஞ்சில் இருந்த ஆண்கள் இளித்தார்கள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கதவப் பூட்டி வச்சிருக்காங்க ஐயா. அதத் தொறக்கச் சொல்லுங்க."

அவள் சொன்ன அத்தனையையும் துவிபாஷி நீதிபதி துரையிடம் ஒரே சொல்லில் முடித்தார். துரை எழுதிக்கொண்டே தலையசைத்தார். அபராதம், கட்டாவிட்டால் சிறை. பீவியின் காதுத் தோடு அன்றே அடகுக்கடைக்குப் போயிற்று.

அதன்பிறகு அக்கா தண்ணீரை நிறுத்திவிட்டாள். வாய் கொப்பளித்துத் துப்புவாள். சோற்றில் ரசம்கூட விடமாட்டாள்.

"இன்னொரு வாட்டி அந்தக் கூண்டுல ஏற மாட்டேன்டி."

முதலில் நீர்க்கடுப்பு வந்தது. பிறகு காய்ச்சல், பிறகு இரத்தம். அப்படியும் தொட்டிக்கு வந்தாள். ஒருநாள் கையில் உரித்த பாக்கோடு தொட்டி விளிம்பிலேயே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நெறைய தண்ணி குடுங்கம்மா" என்றார். கரண்டியில் எடுத்து ஊட்டினேன். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். நினைவு தப்பிய பிறகும் அந்த உதடு திறக்கவில்லை.

காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையில் முதலாளி கிடங்கின் கிணற்றடியில் நின்றிருந்தார்.

"ஏதோ காய்ச்சல்ல போயிட்டா, பாவம்."

"கதவத் தொறந்து விடுங்க ஐயா" என்றேன்.

"தொறந்தா இத்தன பொம்பளைங்களுக்குத் தோட்டிக்கூலி யாரு குடுக்கிறது? வெளிய குந்தினா சட்டம் புடிக்குது. சட்டத்த நானா போட்டேன்? பொம்பளைன்னா வெட்கம் வேணும்."

எங்களோடு உரித்த நாச்சி, பல தலைமுறையாக இங்கேயே வாழும் காஜா பெராங் செட்டிக் குடும்பத்துப் பெண். அவளுக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேசுவாள். வெட்கம் என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சியாப்பா யாங் மாலு, தவுக்கே?"

யாருக்கு வெட்கம், முதலாளி என்று அவள் கேட்டது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. முதலாளி வாய் திறக்குமுன் அவள் கிணற்றில் நீர் இறைத்து, ஒரு சிரட்டை நிறையக் குடித்தாள். மறுபடி நிரப்பிப் பீவியிடம் நீட்டினாள். பீவி குடித்தாள். பிறகு சிரட்டை என் கைக்கு வந்தது. அக்காவின் உதடு கண்முன் நின்றது. முதல் மடக்கு உள்ளே இறங்க மறுத்தது. இறங்கியதும் நிறுத்தாமல் குடித்தேன்.

ஒவ்வொருத்தியாக எல்லாரும் குடித்தோம். குடித்துவிட்டுத் தொட்டிக்குப் போகவில்லை. கக்கூஸ் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். பீவி ஆணியிலிருந்து பச்சைக் கைலியை எடுத்து வந்து தரையில் விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டாள்.

"எந்திரிங்க! இல்லாட்டி மாத்தாவக் கூப்பிடுவேன்!" என்று முதலாளி கத்தினார்.

"கூப்புடுங்க மொதலாளி. பெரிய வண்டியாக் கொண்டாரச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் நாங்க தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கோம்" என்றாள் பீவி.

வாசலில் வண்டிக்கார கபீர் முதுகு மூட்டையை இறக்கிப் போட்டார். மூட்டை தூக்கும் மற்றவர்களும் அவர் பின்னால் வந்தார்கள். "எங்களுக்கும் ஒரு செரட்ட குடுங்கம்மா" என்று கபீர் எங்கள் பக்கத்திலேயே குந்தினார்.

முதலாளி கிராணியை அனுப்பினார். போலீஸுக்கா சாவிக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியது. தொட்டிகளில் பாக்கு உரிக்க ஆளில்லாமல் கிடந்தது. அடிவயிறு கனத்தது. நாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் எழவில்லை.

கதவில் பித்தளைப் பூட்டு அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.