இறால் லோரியில் ஒரு மரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. அன்றைக்கு யுகேந்திரன் பல்லெல்லாம் தெரிய வந்து, "அக்கா, நம்ம பினாங் மேரா கொரியாவுக்குப் போகுது!" என்றபோது கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவன் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்து மேலேயே திருப்பியிருப்பேன். மானேஜராச்சே என்று விட்டேன்.

நான் லூசி. பிறந்தது பாலோ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், தெப்ராவில் இருக்கும் இந்த நர்சரிக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. வீடமைப்புத் திட்டங்களுக்கும் ஓட்டல்களுக்கும் அழகுக்கு வைக்கிற பனை ஜாதி மரங்கள்தான் எங்கள் வியாபாரம். அதில் பினாங் மேரா ராணி. கமுகு மாதிரி மெல்லிய மரம், தண்டு மட்டும் ரத்தச் சிவப்பு. முதல் தடவை பார்க்கிறவர்கள் சாயம் அடித்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். எங்கள் வரிசையில் முந்நூறு நின்றன. விதை போட்டது நான். முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கெடாமல் பார்த்துக்கொண்டதும் நான். ஏழு வருஷத்தில் என் தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்திருந்தன. முந்நூறையும் எனக்கு ஆள் ஆளாய்த் தெரியும். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"கொரியாவுல எங்க?" என்று கேட்டேன்.

"ஜேஜூன்னு ஒரு தீவு. பெரிய ரிசோர்ட் கட்டுறாங்க. முந்நூறும் வேணுமாம். ரிசோர்ட்டுக்காரர் மிஸ்டர் பார்க் அடுத்த வெள்ளிக்கிழமை நேர்ல வராரு."

"தம்பி, அங்க பனி விழும் இல்ல?"

"விழும். ஆனா பாம் மரம் இருக்கு அக்கா. பாருங்க." போனை நீட்டினான். ஒரு கடலோரச் சாலை, இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், தலையில் வெள்ளையாகப் பனி. விரலால் தள்ளித் தள்ளி இன்னும் காட்டினான். "இது சுவிட்சர்லாந்து, ஏரிக்கரை. இது இங்கிலாந்து. நம்மதான் பாம்னா சூடு வேணும்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம். பாம் தாங்கும் அக்கா."

"எந்தப் பாம்?"

"பாம்தான்."

"நானும் பொம்பளதான், ஒலிம்பிக்ல ஓடுறவளும் பொம்பளதான். என்னைய ஓடச் சொல்லுவியா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. போனை வாங்கி மறுபடி பார்த்தேன். அவன் காட்டிய அத்தனை மரமும் விசிறி ஓலை. எங்கள் பினாங் மேராவுக்கு இறகு ஓலை, ஜாதியே வேறு. இது ஜொகூரின் சதுப்புக் காட்டுச் சேற்றில் பிறந்த மரம். மலையில் கொண்டுபோய் வைத்தாலே முகம் சுளிக்கும். கேமரன் மலைக்கு இரண்டு அனுப்பினோம், அடுத்த வருஷமே போய்விட்டன.

"அங்க எவ்வளவு குளிரும்?"

"குளிர் காலத்துல சில நாள் மைனஸ் மூணு."

"செத்துரும்."

"அக்கா, இது எனக்கு முதல் பெரிய ஆர்டர். நீங்க செத்துரும்னு சொன்னா போதுமா? எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! பதினெட்டு வருஷம் கையில் மண்ணோடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதும் நியாயம்தான். மைனஸ் மூன்று எப்படி இருக்கும் என்று நான் எங்கே பார்த்தேன்? என் உடம்புக்குத் தெரிந்த குளிரெல்லாம் ஏர்கோன் குளிர்தான்.

நேராக முதலாளி லிம் தவுக்கேயிடம் போனேன். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான்.

"தவுக்கே, எனக்கு ஒரு பினாங் மேரா வேணும். மிஸ்டர் பார்க் வர்றதுக்குள்ள அது குளிர் தாங்குமா தாங்காதான்னு காட்டுறேன்."

"இங்க ஏதும்மா குளிர்?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நோஞ்சானா ஒண்ணு எடுத்துக்கோ லா."

குளிர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் சந்தனசாமி ஓட்டுவது ஐஸ் லோரி. மூவாரிலிருந்து இறால் ஏற்றிவந்து தெப்ராவில் பசாருக்குப் போடுவார். சனிக்கிழமை மதியம் இறக்கிவிட்டால் திங்கட்கிழமை காலைவரை லோரி சும்மா கிடக்கும். பிளக்கைச் செருகினால் உள்ளே எத்தனை டிகிரி வேண்டுமோ வைக்கலாம்.

சனிக்கிழமை காலை வரிசைக்குள் போனேன். நோஞ்சான் இரண்டு மூன்று இருந்தன. ஒன்றின் பக்கத்தில் போய் நின்று, தொட்டியில் கையும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நோஞ்சான் செத்தால் யுகேந்திரன் என்ன சொல்வான்? "அது நோஞ்சான் அக்கா, நல்ல மரமா இருந்தா தாங்கியிருக்கும்" என்பான். நானே அவன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

மூன்று தடவை நடந்தேன். நாலாவது வரிசையில் ஏழாவது மரம். ஒரே அடியிலிருந்து ஆறு தண்டு, ஆறும் வாழைத்தண்டு மாதிரி நேர், ஒரு புள்ளி கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். அதைத்தான் எடுத்தேன். தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது எனக்கு அழுகை வந்தது. மரத்துக்கு அழுகிறாளே என்று யாராவது கேட்டிருந்தால் அறைந்திருப்பேன். கூடவே விசிறி ஓலை வைத்த சீனப் பனை ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். சீனத்துக் குளிரைப் பார்த்த ஜாதியாயிற்றே, என்ன ஆகிறதென்று பார்க்கலாம்.

லோரியைத் திறந்ததும் சந்தனசாமி வாயைத் திறந்தார். "என் லோரி என்ன, உன் மரத்துக்குப் பொணவறையா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. மைனஸ் மூணு வைங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் வைத்தார். ஆனால் தொட்டி சாயாமல் இருக்கக் கயிறு கட்டியதும், கீழே சாக்கு விரித்ததும் அவர்தான். நான் சொல்லவே இல்லை.

மறுநாள் மாதா கோயில் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழங்காலில் நின்றபடி ஒரே குழப்பம். நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று வேண்டுவதா, தப்பாக இருக்கட்டும் என்று வேண்டுவதா? சரி என்றால் என் மரம் சாகிறது. தப்பு என்றால் முந்நூறும் கப்பல் ஏறுகின்றன, நான் வாயைப் பொத்திக்கொண்டு அனுப்பிவைக்க வேண்டும். கடைசியில் சரியாகவே இருக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டினேன். வேண்டியதற்கு வெட்கப்பட்டேன்.

அன்று சாயங்காலம் இரண்டையும் இறக்கி நிழலில் வைத்தோம். பார்வைக்கு இரண்டும் நன்றாகவே இருந்தன. சந்தனசாமி, "ஒண்ணும் ஆகலியே" என்றார். நான் ஓலையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை பினாங் மேராவின் ஓலை வெந்நீரில் போட்ட கீரையாகக் கறுத்துத் தொங்கியது. புதன்கிழமை தண்டின் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிட்டது. சீனப் பனைக்கு ஒரு ஓலை நுனி காய்ந்ததோடு சரி. அதன்மேல் வீசிய இறால் நாற்றத்துக்குத்தான் நர்சரிப் பூனை இரண்டு நாள் அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

யுகேந்திரன் வந்து பார்த்தான். எந்த மரம் என்று அவனுக்கும் தெரிந்தது. "அக்கா, நாலாவது வரிசை மரமா?" என்றான். அன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் பார்க் வந்தார். ஐம்பது வயசிருக்கும், மரியாதையான மனுஷர், என்னைப் பார்த்தும் தலை குனிந்தார். தவுக்கே, யுகேந்திரன், அவர், நான், நாலு பேரும் இரண்டு தொட்டிக்கு முன்னால் நின்றோம். யுகேந்திரன் நடந்ததை ஒளிக்காமல் இங்கிலீஷில் சொன்னான். நான் செத்த மரத்தின் குருத்தைக் காட்டி இழுக்கச் சொன்னேன். பனை ஜாதிக்கு உயிரே குருத்தில்தான். உயிருள்ள மரத்தின் குருத்தை ஆள் தொங்கினாலும் பிடுங்க முடியாது. அவர் இரண்டு விரலால்தான் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடிமுனை அழுகி நாறியது. பக்கத்துச் சீனப் பனையின் குருத்தை இழுத்தார், அசையவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, குளிர் வரும்வரை சிவப்பு மரம் எத்தனை மாதம் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

"ஆறு மாசம்" என்றான் யுகேந்திரன்.

அது போதும் என்றார் அவர். பூச்செடி மாதிரிதானே, வருஷா வருஷம் செத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக முந்நூறு வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

"ஆலாமாக்!" என்றார் தவுக்கே. முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. வருஷத்துக்கு முந்நூறு! பாவி நான், வியாபாரத்தைத் தடுக்கப் போய் நானே பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயசு. இந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் யார் எடுப்பார்கள்? அது தெரிந்துதான் பேசினேன்.

"தவுக்கே, மரம் உங்களுது. விக்கலாம். ஆனா வெளிநாட்டுல மண்ணோட உள்ள விட மாட்டாங்க, கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி வேர்ல ஒட்டுன மண்ணெல்லாம் கழுவணும். இந்த வேரு லேசா பட்டாலே ஒடிஞ்சிரும். இங்க அதக் கழுவத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் கழுவ மாட்டேன். சாகறதுக்கு நான் மரம் வளக்கல. வேற ஆளப் பாத்துக்குங்க."

மிஸ்டர் பார்க் என்ன சொல்கிறாள் என்பதுபோல் யுகேந்திரனைப் பார்த்தார். தவுக்கே மலாயில் சட்டென்று, "அத அவருக்குச் சொல்லாத" என்றார்.

யுகேந்திரன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தான். அவனுடைய முதல் பெரிய ஆர்டர். பிறகு நிமிர்ந்து சொன்னான். எனக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, கேட்டால் புரியும். நான் சொன்னதில் ஒரு வார்த்தை விடவில்லை. சாகறதுக்கு வளக்கல என்பதையும் விடவில்லை. கடைசியில் அவனாக ஒன்று சேர்த்தான்: "பாம் எல்லாம் ஒன்றுதான் என்று உங்களுக்குச் சொன்னது நான். என் தப்பு. இவங்க சொல்றதுதான் சரி."

அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள். அவன் சப்பாத்து மேல் தண்ணீர் அடிக்க நினைத்தேனே என்று இருந்தது.

தவுக்கே தலையைச் சொறிந்தார். செத்த மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோஞ்சான எடுன்னுதானே சொன்னேன்?" என்றார்.

"நோஞ்சான் செத்தா யாரு நம்புவா?"

அவர் பெருமூச்சு விட்டு மிஸ்டர் பார்க்கிடம் திரும்பினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "நிலத்துக்கு நான் தவுக்கே. மரத்துக்கு இவதான் தவுக்கே. இவ முடியாதுன்னு சொன்னா முடியாது."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எதற்கு மறைக்க? பதினெட்டு வருஷத்தில் கேட்காத வார்த்தை அது.

மிஸ்டர் பார்க் கோபப்படவில்லை. சீனப் பனையைச் சுற்றி வந்தார், ஓலையைத் தடவினார், நுனி காய்ந்ததைக் காட்டி இதற்கு மேல் ஒன்றும் ஆகாதா என்று கேட்டார். ஆகாது, முதல் குளிருக்கு மட்டும் குருத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிடுங்கள் என்று யுகேந்திரன் மூலம் சொன்னேன். அதில் இருநூறு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வேர் கழுவி ஏற்றி அனுப்பப்போகிறவள் நான்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

காரில் ஏறப் போனவர் நின்று, சிவப்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆசை விடவில்லை, பாவம். அப்படியானால் என் விருந்தாளிகள் இந்தச் சிவப்பை எப்படித்தான் பார்ப்பது என்று கேட்டார்.

யுகேந்திரன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். இதற்கு எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

"யூ கம் ஜொகூர்" என்றேன்.