மருந்தறையில் மிஞ்சிய சுவர்

1

இந்தக் கதை ஒரு காலண்டரிலிருந்து வந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்தப் போயிருந்தேன். மாதத்துக்கு ஒரு படம்: பழைய கலங்கரை விளக்கம், கப்பலுக்காகத் திறக்கும் இரும்புப் பாலம், துறைமுகத்துக் கிரேன். எல்லாம் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அங்கே காலண்டர்களுக்கு மேல்விளிம்பில் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம், கலங்கரை விளக்கத்தின் அடியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “பணியில் உயிர்நீத்த மூவரின் நினைவாக.”

“மூணு பேருக்காக இம்புட்டுப் பெரிய கட்டடத்த வச்சிருக்காகளா சார்?”

2

அவள் கணவன் ஆண்டிச்சாமி, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது செத்தான். வெடிச்சத்தம் கடலலை போல

(வேண்டாம். அவள் கடலைப் பார்த்ததில்லை.)

மருந்து கலக்கும் அறையில் ஒரு சுவர் மட்டும் மிஞ்சியது. மாமியார் பாலம்மாள் அப்போது இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகன் முகத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை; காட்டும்படி இல்லை. எழுந்து நடந்ததும் கேட்டாள்: “அவன் நின்ன எடத்தையாவது காட்டுத்தா.”

3

தீபாவளி சீசனுக்குள் புது அறை கட்டச் சுவரை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொன்னுத்தங்கம் ஆலை போர்மேன் ரத்தினசாமியிடம் ஓடினாள்.

“அண்ணாச்சி, அந்தச் செவரை மட்டும் இடிக்காதீக.”

“அதப் பாத்துக்கிட்டே எவன் தாயி மருந்து கலக்குவான்?”

“பாத்துக் கலக்கட்டும்ங்கேன்.”

[முதல் பிரதியில் ரத்தினசாமியைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். அன்று ஆண்டிச்சாமியைப் போர்த்தியது அவருடைய வேட்டிதான் என்று பொன்னுத்தங்கம் சொன்ன பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன்.]

அவர் முதலாளியிடம் பேசினார். “ஞாயித்துக்கிழம மட்டுக்கும் இருக்கட்டும்னுட்டாரு. கெழவியக் கூட்டியாந்து காட்டிரு.”

4

சுவருக்கு வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பொய். பொன்னுத்தங்கம் ஜேசிபிக்கு முன்னால் படுத்து… அதுவும் இல்லை. சனிக்கிழமை இடிக்கும்போது அவள் அச்சகத்தில் காலண்டர் கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஞாயிறு காலை ஆட்டோவில் மாமியாரைக் கூட்டிப் போனாள். கேட்டைத் திறந்த ரத்தினசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மழ வரும்னு நேத்தே முடிச்சுட்டாக தாயி. நானும் இங்கன இல்ல.”

தரையை நிரவியிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே கரிசல். பொன்னுத்தங்கத்துக்கே இடம் பிடிபடவில்லை.

பாலம்மாள் செருப்பைக் கழற்றினாள்.

“எங்கனத்தா?”

பொன்னுத்தங்கம் கையை நீட்டினாள். எந்தப் பக்கம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. நீங்களே ஓர் இடத்தைச் சொல்லுங்கள். வெயில் ஏறுகிறது, கிழவி வெறுங்காலோடு நிற்கிறாள்.