கட்டிலின் வலது பக்கம்

எங்கள் ஹோட்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு சம்பளம். இடது பக்கம் என் அண்ணி நிற்பார், அவர் நிரந்தரம். வலது பக்கம் நான், தினக்கூலி. ஒரே விரிப்பைத்தான் இருவரும் உதறுகிறோம், ஒரே மாதிரிதான் மூலையை மடித்துச் செருகுகிறோம். ஆனால் என் பக்கத்துக்குப் பாதிச் சம்பளம். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, எங்கள் மேனேஜர் அதைக் கட்டிலுக்கே தடவிவிட்டார்.

கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா" என்பார். நல்ல குடும்பம்! எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் நான் யாரோ, அவர் யாரோ.

ஒருநாள் தொழிலாளர் துறை அதிகாரி விசாரிக்க வந்தார். மனு போட்டது யாரென்று மேனேஜருக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும், போட்டதே அவர்தான். இருவருக்கும் ஒரே வேலை என்று அதிகாரி எழுதிவிட்டால் எனக்கும் முழுச் சம்பளம். அதனால் மேனேஜர் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ கட்டில் போடுறவ இல்ல, சும்மா கூட நிக்கிறவ. அப்படியே சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் கூலி போகும்.

"நீங்க சொல்றபடியே செய்யறேன் சார்" என்றேன்.

அதிகாரி அறைக்குள் வந்து, "உனக்கு என்னம்மா வேலை?" என்றார்.

"சும்மா கூட நிக்கிறதுங்க."

"சரி, ரெண்டு பேரும் கட்டில் போட்டுக் காட்டுங்க."

அண்ணி விரிப்பை உதறினார். அவர் பக்கம் சுருக்கமில்லாமல் படிந்தது. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கூட நின்றேன். என் பக்கத்து விரிப்பு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. சுற்றி வந்து செருகச் சொல்லி மேனேஜர் அண்ணிக்கு ஜாடை காட்டினார். அண்ணிக்குத் திடீரென்று கண் தெரியவில்லை.

பாவம் மேனேஜர். விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"ஏன் மரமாட்டம் நிக்கிறே? தினமும் நீதானே இந்தப் பக்கம் போடுறே, இன்னிக்கு என்ன கேடு?"

தவளை தன் வாயால் கெட்டது. அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினார். சீருடையில் முந்தானை ஏது? அதிகாரி பேனாவைத் திறந்தார்.

விரிப்பு என்ன பாவம் செய்தது? குனிந்து இழுத்துச் செருகினேன். அதிகாரி கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுல எது சார் நிரந்தரப் பக்கம்?"

மேனேஜர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.